சிரித்தோம், பிறகு?

ஒரு சனிக்கிழமை மாலை. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சுவரே திரை, படக்கருவியோ இரவல். தரையில் பாய் விரித்து ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் அமர்ந்திருந்தனர். அவர்களுக்குப் பின்னே, வேலை முடித்து வந்த பெற்றோர் சிலர். சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, இசையமைத்து, நடித்து, 1936 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் முதன்முதலாக வெளியிட்ட 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை அவர்களுக்குக் காட்டினோம். 'புதுமைக் காலம்' என்று பெயர் சொன்னோம். பெரும்பாலும் பேசாப் படம். ஆகவே மொழி தடையாக நிற்கவில்லை. இடையிடையே எழுத்து தோன்றும் இடங்களில் மட்டும் நாம் எழுந்து தமிழில் சொன்னோம்.

திரையில் ஒரு தொழிற்சாலை. ஓடும் பட்டையின்மீது வரிசை வரிசையாய் இரும்புத் தகடுகள் வருகின்றன. இரு கைகளிலும் ஸ்பேனர் ஏந்தி, வருகிற தகட்டின் நட்டுகளைத் திருக வேண்டும். அதுவே சாப்ளினுக்கு வேலை. ஒரு திருகு; அடுத்த தகடு; மீண்டும் ஒரு திருகு. முதலாளியிடம் ஒரு புது எந்திரம் விற்பனைக்கு வருகிறது. தொழிலாளி உண்ணக் கை எடுக்க வேண்டாம், எந்திரமே ஊட்டும். உணவு இடைவேளை என ஒன்று வேண்டாம், உற்பத்தி பெருகும், போட்டிக்காரனை முந்தலாம் என்று இசைத்தட்டு முழங்குகிறது! சோதனைக்கு இழுத்து நிறுத்தப்பட்டவன் சாப்ளின். சூப்பு அவன் சட்டையிலே கொட்டுகிறது. மக்காச்சோளக் கதிர் வெறிகொண்டு சுழன்று பல்லைப் பறிக்கப் பார்க்கிறது. பழுது பார்க்க வந்தவர் மறந்து தட்டில் வைத்த நட்டுகளை எந்திரம் வாயில் திணிக்கிறது. இத்தனைக்கும் நடுவே, துடைப்பான் ஒன்று மட்டும் முறை தவறாமல் வந்து அவன் உதட்டை மெல்ல ஒற்றிவிட்டுப் போகிறது!

பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தனர். பெற்றோர் சிரித்தனர். நாமும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

படம் முடிந்து பாய் சுருட்டும் நேரம், சிறுவன் ஒருவன் அருகில் வந்தான். அவன் தந்தை நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்ப்பவர். "அய்யா, அந்த ஆளுக்கு அன்றைக்குச் சாப்பாடே கிடைக்கவில்லையே! நாம எல்லாரும் ஏன் சிரித்தோம்?" என்றான்.

விடை சொல்ல நம்மால் இயலவில்லை. "நல்ல கேள்வி, தம்பி; திங்கட்கிழமை பேசுவோம்" என்றோம். விடை தெரியாத ஆசிரியன் வழக்கமாகச் சொல்லும் சொல் அது! இரவெல்லாம் அக்கேள்வி நம்மை விட்டபாடில்லை. அதற்குத் தேடிய விடையே இந்தக் கட்டுரை.

நகைப்பு என்றால் நம்மவர்க்குப் புதிதன்று. மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் நகையை முதலில் வைத்தார். அதை அடுத்து அழுகையை வைத்தார். அழுகைக்கும் நகைக்கும் இடையே அவர் வேறொன்றையும் வைக்கவில்லை! நகை பிறக்கும் நிலைக்களன்களும் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்வதால் பிறக்கும் சிரிப்பு ஒன்று. குழந்தைத்தனத்தால் பிறப்பது ஒன்று. அறியாமையால் பிறப்பது ஒன்று. நான்காவதாகிய மடன் என்பதற்கு, பிறர் புகட்டியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாதிருத்தல் என்ற கருத்தில் பொருள் சொல்வார் உரையாசிரியர். இந்த நான்கு உரைகல்லிலும் சாப்ளின் படத்தை உரசிப் பார்ப்போம்.

முதலில் மடன். வேகம், இன்னும் வேகம் என்று முதலாளி ஆணையிட, பட்டை பறக்கிறது. வேலை நின்ற பின்னும் சாப்ளினின் கைகள் நிற்கவில்லை. காற்றைத் திருகிக்கொண்டே இருக்கின்றன. முடிவில் அறிவு கலங்கி, எந்திரத்தின் பற்சக்கரங்களுக்குள்ளேயே போய், வெளியே வந்து, கண்டவர் மூக்கையெல்லாம் நட்டென்று திருகுகிறான். புகட்டியதை விடாத கைகள்! இதைக் கண்டு சிரிக்கிறோம்.

இது வெறுங் கற்பனையா? அன்று. 1913-இல் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்டு பார்க்கில் ஃபோர்டு நிறுவனம் ஓடும் பட்டையைக் கார் பூட்டும் வேலைக்குப் புகுத்தியது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது போய், ஒன்றரை மணி நேரமே போதுமென்றாயிற்று. கார் விரைந்து பிறந்தது; மனிதன் விரைந்து தேய்ந்தான். உழவு நிலம் விட்டு அங்கே வேலைக்குப் போன கட்டிளங்காளையர் நாலைந்து ஆண்டுகளில் நரம்பு தளர்ந்து போவதை ஒரு செய்தியாளர் தமக்குச் சொன்னதாகவும், அதுவே இப்படத்துக்கு வித்தானதாகவும் சாப்ளின் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறியுள்ளார்.

இந்த மடனைப் பார்த்துச் சிரிக்கும்போது நமக்கும் சற்று உறுத்தியது. மணி அடிக்கிறது, ஒரு வகுப்பு போகிறது, ஒரு வகுப்பு வருகிறது. நாற்பது தலைகள், தலைக்கு ஒரு திருகு, மணி அடிக்கிறது, அடுத்த நாற்பது! புகட்டியதை அவர்கள் விடாமல் பற்றினால் நல்ல மதிப்பெண். ஏன் என்று ஒருவன் கேட்டால் பாடம் முடியவில்லையே என்று நமக்குப் படபடப்பு. கையில் ஸ்பேனர் இல்லை, சுண்ணக்கட்டி இருக்கிறது, வேறுபாடு அவ்வளவுதானோ?

அடுத்தது பேதைமை. மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறான் நம் ஆள். வேலையில்லை. ஒரு லாரியின் பின்னால் கட்டிய சிவப்புத் துணி அவிழ்ந்து விழுகிறது. எடுத்து, "ஐயா, உங்கள் துணி!" என்று கூப்பிடுவதுபோல் வீசிக்கொண்டே ஓடுகிறான். பின்னால் வேலையற்றோர் ஊர்வலம் ஒன்று திரும்பி வருவதை அவன் அறியான். காவலர் பாய்கின்றனர், கொடி பிடித்தவனே தலைவன் என்று முடிவு கட்டிச் சிறைக்கு இழுக்கின்றனர். அறியாமையால் வந்த சிரிப்பு. யாருடைய அறியாமை? துணியை எடுத்தவனுடையதா? துணியின் நிறத்தை மட்டும் கண்டு, மனிதனைக் காணாத அதிகாரத்தினுடையதா?

இந்தச் சிரிப்புக்கு வாழ்க்கையே ஒரு பின்னுரை எழுதியது. 1952-இல் சாப்ளின் இலண்டனுக்குக் கடற்பயணம் மேற்கொண்டிருக்கையில், அமெரிக்க அரசு அவர் திரும்பி வருவதற்கான இசைவை நீக்கியது. அவர் கருத்துகளின்மீது சிவப்பு ஐயம்! நாற்பதாண்டு உழைத்த நாட்டை விட்டுச் சுவிட்சர்லாந்தில் குடியேறினார். 1972-இல்தான் சிறப்பு ஆஸ்கார் விருது பெற அந்நாட்டு மண்ணை மீண்டும் மிதித்தார். படத்தில் அவர் காட்டிய கேலிக்கூத்தை, பதினாறு ஆண்டு கழித்து ஒரு பேரரசு அவரை வைத்தே நடித்துக் காட்டியது!

மூன்றாவது இளமை. கதையில் ஓர் அநாதைப் பெண் வருகிறாள்; பாலெட் கோடார்டு நடித்தார். தாயில்லை. வேலையற்ற தந்தை கலகத்தில் குண்டுபட்டு மடிகிறார். தங்கையர் இருவரையும் அதிகாரிகள் அழைத்துப் போக, இவள் மட்டும் தப்பி ஓடுகிறாள். இவளும் சாப்ளினும் சாலையோரப் புல்லில் அமர்ந்து, நமக்கொரு வீடு இருந்தால் என்று கனவு காண்கின்றனர். சன்னல் வழியே கையை நீட்டினால் ஆரஞ்சுப் பழம். வாசலிலே திராட்சைக் கொத்து. கூப்பிட்டால் பசு தானே வந்து நின்று பால் தருகிறது. குழந்தைக் கனவு, சிரிக்கிறோம். கனவு கலையுமுன் காவலர் வந்து நிற்கிறார். புல்லில் உட்காரவும் உரிமை இல்லை!

கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! கனவில் வந்தவை என்ன? பட்டாடையா? பொன்னா? மாளிகையா? பழமும் பாலும் இறைச்சியும்! இங்கேதான் சிறுவனின் கேள்விக்கு விடை திறக்கிறது. இது எந்திரத்தைப் பற்றிய படம் என்று உலகமெல்லாம் சொல்கிறார்கள். நாமும் அப்படியே கற்றோம், கற்றதை விடாது பற்றினோம். படத்தை மறுபடியும் பார்த்தபோது கண்டது வேறு. இது சோற்றைப் பற்றிய படம்!

எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் முதன்முதலாகத் தோன்றும்போது வாழைப்பழம் திருடி ஏழைக் குழந்தைகளுக்கு வீசுகிறாள். அவளும் சாப்ளினும் சந்திப்பது ஒரு ரொட்டித் திருட்டில்; "நான்தான் திருடினேன்" என்று அவள் குற்றத்தை அவன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். அது பலிக்காமற் போக, உணவுச் சாலையில் நுழைந்து வயிறாரத் தின்று, காசில்லை என்று காவலரைத் தானே அழைக்கிறான்; சிறையில் சோறு உண்டல்லவா! முன்னொரு முறை, சிறையுடைப்பைத் தடுத்ததற்காக நல்ல அறை தந்து, பின் விடுதலையும் தந்தபோது, இன்னும் சில நாள் இங்கேயே இருக்கலாகாதா என்று கெஞ்சியவன் அவன். பெரிய அங்காடியில் இரவுக் காவலனாய் இருக்கையில் திருடர் வருகின்றனர். பார்த்தால், அவர்களில் ஒருவன் பழைய தொழிற்சாலைத் தோழன். நாங்கள் திருடர் அல்லர், பசித்தவர் என்கிறான் அவன்.

1933-இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. களஞ்சியத்தில் தானியம், கடையிலே ரொட்டி, தெருவிலே பசி! விடுதலை என்றால் பட்டினி, சிறை என்றால் உணவு என்று ஒரு சமுதாயம் அமைந்துவிட்டால், அறிவுள்ளவன் எதைத் தேர்வான்? சாப்ளின் கிறுக்கன் அல்லன். கணக்குப் போடத் தெரிந்தவன். கிறுக்குப் பிடித்திருப்பது கணக்கின் அடியில் உள்ள ஏற்பாட்டுக்கு.

பசியை அவர் ஏட்டில் படித்தவரல்லர். 1889-இல் இலண்டனில் பிறந்தவர். தந்தை குடியில் மூழ்க, தாய் நோயில் வாட, 1896-இல், ஏழு வயதில், லாம்பெத் ஏழையர் விடுதியின் வாயிலைக் கண்டவர். அந்த ஏழு வயதுப் பையன்தான் ஆரஞ்சுப் பழக் கனவைக் காண்கிறான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்போது எள்ளலுக்கு வருவோம். ஊட்டும் எந்திரத்தின் முன்னே நாம் யாரை எள்ளினோம்? கட்டுண்டு நின்ற தொழிலாளியையா? அப்படியானால் சிறுவன் கேட்டது நியாயம். நம் சிரிப்பு குற்றம். ஆனால் அந்தத் துடைப்பானை நினைவுகூருங்கள். சூப்பை மேலே கொட்டிவிட்டு உதட்டைத் துடைக்கிறது. நட்டைத் திணித்துவிட்டு உதட்டைத் துடைக்கிறது. வயிற்றில் அடித்துவிட்டு வாயைத் துடைத்துவிடும் நாகரிகம்! தருமப் பட்டியல் வாசிக்கும் கொடுமை! நாம் எள்ளியது அதைத்தான். முதலாளியும் அந்த எந்திரத்தை வேண்டாமென்கிறார். மனிதன் துன்புற்றான் என்பதற்காகவா? இல்லை, நடைமுறைக்கு உதவாது என்பதற்காக!

இதே படத்தில் இன்னொரு விருந்து உண்டு. பலர் இதைச் சிரித்துக் கடந்துவிடுவார்கள். ஆலை மீண்டும் திறக்கிறது. முதிய எந்திரப் பணியாளர் ஒருவருக்குச் சாப்ளின் உதவியாள். அந்த முதியவர் எந்திரத்துக்குள் சிக்கித் தலை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கிறார். உணவு வேளைச் சங்கு ஊதிவிடுகிறது. மீண்டும் ஓட்டினால்தான் அவரை வெளியே எடுக்கலாம். இடைவேளை முடியும்வரை ஓட்ட வழியில்லை. சாப்ளின் என்ன செய்கிறான்? தன் உணவை விட்டு எழுந்து, அவர் வாயில் ஒவ்வொன்றாக ஊட்டுகிறான். புனல் ஒன்றை வாயில் வைத்துக் காப்பியை ஊற்றுகிறான். பிறகு வெந்த கோழியையே புனலாக்குகிறான்! சிரிக்கிறோம்; வயிறு வலிக்கச் சிரிக்கிறோம்.

இரண்டு ஊட்டல்கள். முதலாவதில் எந்திரம் மனிதனுக்கு ஊட்டியது. ஒரு கவளமும் ஒழுங்காய் உள்ளே போகவில்லை. இரண்டாவதில் எந்திரத்தில் சிக்கிய மனிதனுக்கு மனிதன் ஊட்டினான். தடுமாறித் தடுமாறியேனும் பசி தீர்ந்தது. முன்னதில் உணவு வேளையைத் திருடுவது நோக்கம்; பின்னதில் உணவு வேளையைக் காப்பது நோக்கம். அங்கே பிறந்தது எள்ளல். இங்கே பிறந்தது எள்ளல் அன்று. தோழமையைக் கண்ட மகிழ்ச்சி அது. தொல்காப்பியர் பட்டியல் நகையில் தொடங்கி உவகையில் முடிகிறது. இந்த ஒரு காட்சியில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன.

ஆகவே இது எந்திரத்தைப் பழித்த படம் என்று கொள்வோர், பாதியே கண்டோர். 1931-இல் இலண்டனுக்கு வந்திருந்த காந்தியாரைச் சாப்ளின் சந்தித்தார். எந்திரத்தின்மீது ஏன் இத்துணை வெறுப்பு என்று கேட்டார். நல்ல நோக்கத்தோடு கையாண்டால் எந்திரம் மனிதனின் அடிமைத்தளையை அறுக்காதா, வேலை நேரத்தைக் குறைக்காதா என்பது அவர் வாதம். ஐந்தாண்டு கழித்து வந்த படமும் அவ்வாதத்தைக் கைவிடவில்லை. பட்டையின் வேகத்தைக் கூட்டும் விசை யார் கையில் என்பதே படம் எழுப்பும் வினா. அந்தக் கை, படத்தின் தொடக்கத்தில், வேலையின்றித் துண்டுப் படங்களை ஒட்டி விளையாடிக்கொண்டிருக்கிறது!

கலை நுட்பம் ஒன்றையும் சுட்ட வேண்டும். 1927-இலேயே படம் பேசத் தொடங்கிவிட்டது. சாப்ளினோ இந்தப் படத்தில் மனிதரை நேராகப் பேசவிடவில்லை. பேசுவன எவை? சுவர்த் திரையில் தோன்றி விரட்டும் முதலாளியின் உருவம், விற்பனை இசைத்தட்டு, சிறை அலுவலகத்து வானொலி. எந்திரத்தின் வழியாகவே குரல் வருகிறது. உழைப்பவனுக்குக் குரல் இல்லை! இறுதியில் உணவு விடுதியில் பாட வேண்டிய கட்டாயம். சட்டைக் கைம்மடிப்பில் எழுதி வைத்த பாட்டு பறந்துவிடுகிறது. சொல்லைப் பற்றிக் கவலைப்படாதே, பாடு என்று அந்தப் பெண் ஊக்குகிறாள். எந்த மொழியிலும் சேராத சொற்களை அடுக்கிப் பாடுகிறான். ஆனால் கதை எல்லாருக்கும் விளங்குகிறது. தொப்பியும் தடியும் கொண்ட அந்த நாடோடியின் குரலை உலகம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. நம் மாணவரும் அப்போதுதான் கைதட்டினர்.

குறையே இல்லையா? உண்டு. அறிவு கலங்கிய சாப்ளின், நட்டுப் போன்ற பொத்தான் தைத்த உடையணிந்த பெண்களை ஸ்பேனரோடு துரத்தும் இடத்தில் பையன்கள் ஆரவாரித்தனர். நம் வகுப்பு மாணவியர் சிரிக்கவில்லை. அந்த அமைதி, படத்தின்மீது எழுதப்பட்ட நல்லதொரு விமர்சனம். ஒரு பெண் அஞ்சி ஓடுவதில் நகைச்சுவை தேடியது அக்காலத்துப் பழக்கம். மேதையும் அப்பழக்கத்துக்கு அடிமை. வேலைநிறுத்தம் வருகிறது, ஆனால் அது நம் நாயகனை மீண்டும் தெருவில் தள்ளுவதற்கு மட்டுமே பயன்படுகிறது. ஒன்றுபட்டோர் வென்றதாக ஒரு காட்சியும் இல்லை.

"பிறகு என்ன வழி காட்டினார்? அழுத பெண்ணைச் சிரிக்கச் சொல்லிச் சாலையில் நடத்திச் சென்றார். இது ஓடி ஒளிவதல்லவா?" என்று நம் தோழர் ஒருவர் கடிந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சாப்ளின் முதலில் படமாக்கிய முடிவு வேறு: அந்தப் பெண் கன்னியர் மடம் சேர்கிறாள், அவன் தனியனாகிறான். அந்த முடிவை அவரே ஒதுக்கிவிட்டார். துறவு விடையாகாது என்று கண்டார் போலும்! 1928-இல் வந்த 'சர்க்கஸ்' படத்தின் முடிவில் அந்த நாடோடி தன்னந்தனியே நடந்து போனான். இதிலோ விடியற்காலையில் இருவர், கை கோத்து நடக்கின்றனர். நாடோடி வேடத்தில் அவர் நடித்த கடைசிப் படமும் இதுவே. ஒன்று இரண்டாயிற்று, இரண்டை இருநூறாக்குவது திரையின் வேலையன்று, திரைக்கு முன்னே அமர்ந்திருக்கும் நம் வேலை.

இது அயல்நாட்டுக் கதை, பழைய காலத்துக் கதை என்று தள்ள இயலுமா? துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுதும் நின்றே கால் வீங்கிய பெண்களுக்கு, உட்கார ஓர் இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 2021-இல். உட்காருவதற்கு ஒரு சட்டம்! புல்லில் அமர்ந்த இருவரைக் காவலர் எழுப்பிய காட்சிக்கும் இதற்கும் தொலைவு எவ்வளவு? பிறர் உணவைப் பையில் சுமந்து, கைப்பேசி காட்டும் நிமிடக் கணக்குக்கு அஞ்சி, தான் உண்ணாமல் வண்டியில் பறக்கும் இளைஞனைக் காணும்போது, சாப்ளின் படத்துச் சுவர்த்திரை சுருங்கிச் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

திங்கட்கிழமை, சிறுவனை அழைத்தோம். "தம்பி, பசித்தவனைப் பார்த்துச் சிரித்திருந்தால் நாம் தவறு செய்தோம். அவனைப் பட்டினி போட்டுவிட்டு வாயைத் துடைத்ததே, அதைப் பார்த்துச் சிரித்திருந்தால் தவறில்லை. எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பதை அவரவர்தான் தம்மையே கேட்டுச் சொல்ல வேண்டும்" என்றோம்.

சற்று நேரம் எண்ணினான். "எனக்கு அந்தத் தாத்தாவுக்குக் கோழியை வைத்துக் காப்பி ஊற்றினாரே, அதுதான் அய்யா பிடித்தது. அதை அப்பாவுக்குச் சொன்னேன். அப்பாவும் சிரித்தார்" என்றான்.

மணி அடித்தது. அடுத்த வகுப்பு வாயிலில் வந்து நின்றது. அன்று பாடத்தைத் தொடங்குமுன், "கேள்வி யாருக்காவது உண்டா?" என்று கேட்டோம்.